தண்ணீர் குடித்த ஜெட் படகு இஞ்சினும் கெஸிக் பக்கத்துப் பட்டறையும்

கனடாவில் சிம்கோ ஏரிக்கரையில் உள்ள கெஸிக்குக்குக் கிட்ட இருக்கிற இந்தச் சின்னப் படகுப் பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டால் முதல் சில மணித்தியாலத்தில் யாரிடம் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது பிழைப்பதும் சாவதும். எங்களுடையது பிழைத்தது. அதற்கு முழுக் காரணமும் இந்தப் பட்டறைக்காரர்தான்.

எங்களுடையது 14 அடி ஜெட் படகு. தொண்ணூறுகளின் கடைசியில் செய்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேற்றர் வைத்த இஞ்சின். வெளியே சுற்றுகிற புரொப்பெல்லர் கிடையாது. அடியில் உள்ள கம்பி வலை வழியாகத் தண்ணீரை இழுத்து, உள்ளே இருக்கிற இம்பெல்லர் அதைப் பின்பக்கத்தால் பீச்சி அடிக்கும். பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்கி ஏறுகிற படகு என்பதால் நான் பிடிவாதமாக இந்த வகையைத்தான் வாங்கினேன்.

சிம்கோ ஏரியைத் தெரிந்தவர்களுக்கு அதன் குடாவான குக்ஸ் பே பக்கம் எப்படி என்று தெரியும். ஆழம் குறைவு, கோடையில் மில்ஃபொயில் என்கிற நீர்ப்பூண்டு மண்டிக் கிடக்கும். அங்கே படகு ஒரு கொத்துப் பூண்டை உறிஞ்சிவிட்டது. வேகம் விழுந்தது, சூடு ஏறுகிறது என்று அலாரம் கத்தத் தொடங்கியது. உடனே இஞ்சினை நிற்பாட்டினேன். வலையில் சிக்கியதைக் கையால் இழுத்துப் பார்த்தும் முழுதாக வரவில்லை. அந்த வழியால் போன ஒரு பெரிய படகுக்காரர் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வந்தார். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் நல்ல வேகமாகவே இழுத்தார். கரைக்கு வந்து வலையைத் துப்பரவாக்கிவிட்டுத் திறப்பைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் இஞ்சின் அசையவில்லை.

பற்றறி இறங்கிவிட்டது என்றுதான் கரையில் நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பூஸ்டர் வயர் கொண்டுவரவும் ஒருவர் ஓடினார். நான் அதற்குள் பட்டறைகளுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கிவிட்டேன். முதலில் கதைத்த பெரிய இடத்தில், "கொண்டுவந்து வளவுக்குள் விடுங்கள், மூன்று கிழமையில் பார்ப்போம்" என்றார்கள். அவர்களுக்கு அது கோடைகாலத்து வழக்கமான பதிலாக இருக்கலாம். தண்ணீர் நிற்கிற இஞ்சினுக்கு அது மரண தண்டனை.

இரண்டாவதாக எடுத்தது இந்தப் பட்டறைக்கு. மணி அடித்து அடித்து நின்று, திரும்ப எடுத்த பிறகுதான் ஆள் வந்தது. வந்தது ஒரு தமிழ்ப் பெடியன், அங்கே வேலை பழகுகிறவன். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டான். இழுத்து வந்த கதையைச் சொல்லி முடிக்கவில்லை, குறுக்கே வந்தான்.

"ஆன்ரி, இனித் திறப்பைத் தொடாதேங்கோ. பூஸ்டரும் போடவேண்டாம். பற்றறி வயரைக் கழட்டிப்போட்டு அப்பிடியே ட்ரெயிலரில ஏத்திக் கொண்டுவாங்கோ. நாங்கள் ஆறு மணிக்குப் பூட்டுவம், ஆனா நீங்கள் வரும்வரைக்கும் நிப்பம்."

நின்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறரை தாண்டிவிட்டது.

உரிமையாளர் அறுபதைத் தாண்டிய மனிதர். பேச்சுக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றையும் செய்யும்போது என்னைப் பக்கத்தில் நிற்கவிட்டு ஏன் என்று சொன்னார். நான் பார்த்த வேறு கராச்சுகளில் வாடிக்கையாளரை முன் கதிரையில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். இங்கே கையில் ரோர்ச் தந்து பிடிக்கச் சொன்னார்கள்.

தண்ணீர் எப்படிப் போனது என்பதை அவர் குழாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இந்த வகைப் படகில் இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஜெட் பம்பில் இருந்தே வருகிறது. படகை வேகமாக இழுக்கும்போது, இஞ்சின் ஓடாவிட்டாலும், ஏரித் தண்ணீர் பம்புக்குள் அழுத்தத்தோடு புகுந்து அந்தக் குழாய் வழியே மேலே ஏறும். இஞ்சின் ஓடினால் புகை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஓடாதபோது தள்ள ஆள் இல்லை. முதலில் சைலன்சர் பெட்டி நிரம்பும், பிறகு புகைக் குழாய், கடைசியில் சிலிண்டர். தண்ணீரை அமுக்க முடியாது. அதனால் பிஸ்டன் மேலே வந்து முட்டி நின்றுவிடுகிறது. அந்த நிலையில் பூஸ்டர் போட்டுப் பலவந்தமாகச் சுற்றினால் பிஸ்டனை அடியில் உள்ள தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ரொட் வளையும். கரையில் ஓடிவந்த பூஸ்டர் வயரை நினைக்க இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அப்புறம் வேலை தொடங்கியது. பெற்றோல் குழாயை மூடினார்கள். இஞ்சின் அறையைத் திறந்து வைத்துக் காற்றூதியைப் போட்டார்கள். பெற்றோல் இஞ்சின் படகுக்குள் இருந்தால் ஸ்ராட் பண்ணுவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் காற்றூத வேண்டும் என்பது கனடாவில் எல்லாப் படகுக்காரரும் படிக்கிற பாடம், அதை அவசரத்திலும் விடவில்லை. இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, அதன் வயர்களை வெறும் உலோகத்தில் எர்த் பண்ணிவிட்டார்கள். இது முக்கியம். வயரைச் சும்மா தொங்கவிட்டுச் சுற்றினால் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் பெட்டி எரிந்துபோகலாம். துளை வழியாக வருகிற பெற்றோல் ஆவியில் பொறி பட்டால் தீயும் பிடிக்கும்.

த்ரொட்டிலை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு ஸ்ராட்டரைச் சில விநாடி சுற்றினார்கள். பிளக் துளைகளுக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைப் பெடியன் பிடித்திருந்தான். முதல் சுற்றில் துணி தொப்பென்று நனைந்து சட்டையிலும் தெறித்தது. வெறும் தெளிந்த ஏரித் தண்ணீர். ஸ்ராட்டர் சூடாகாமல் ஆறவிட்டுத் திரும்பச் சுற்றினார்கள். தண்ணீர் குறைந்து பனிப்புகார் மாதிரி வந்தது. இனிச் சரி என்று நான் நினைத்தேன், அவர் நிறுத்தவில்லை. இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினில் பெற்றோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிரான்க் கேஸுக்குள்தான் போகும், அங்கேதான் கிரான்க் பேரிங்குகள் இருக்கின்றன, தண்ணீரும் அங்கேதான் ஒளிந்து நிற்கும் என்றார். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் கலந்த பெற்றோலை ஊற்றிச் சுற்றி, துணியை மாற்றி, திரும்ப ஊற்றிச் சுற்றினார்கள். நீல நிற ஒயில் மட்டும் துணியில் படிந்து, ஓரத்தில் தண்ணீர் வளையமே இல்லை என்று கண்ட பிறகுதான் புதுப் பிளக்கைக் கையில் எடுத்தார்.

பிளக்கைப் போடுவதற்கு முன் கொம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்தார்கள். ஒரு சிலிண்டர் 145 பி.எஸ்.ஐ., மற்றது 140. இந்த வயது இஞ்சினுக்கு நல்ல எண்கள், இரண்டுக்கும் இடையில் வித்தியாசமும் குறைவு. ரொட் வளையவில்லை என்பதற்கு அதுவே நல்ல அறிகுறி என்றார்.

ஓடவிடும்போது, ஏரித் தண்ணீருக்குப் பதிலாக இஞ்சினைக் குளிர்விக்கப் பூட்டிய ஹோஸ் தண்ணீரைக் கையாண்ட முறையை ஜெட் படகு வைத்திருக்கிற எல்லோரும் மனப்பாடம் பண்ண வேண்டும். முதலில் இஞ்சின், பிறகு தண்ணீர். நிற்பாட்டும்போது முதலில் தண்ணீரை மூடி, பிறகு இஞ்சின். மாறிச் செய்தால் ஏரியில் நடந்த அதே விபத்து வீட்டு முற்றத்திலேயே நடக்கும்.

இஞ்சின் பிடித்தது. வெள்ளைப் புகை வளவை மூடியது. ஆனால் வேகத்தைக் கூட்டினால் தடுமாறி இறங்கியது, ஒற்றைக் காலில் நடக்கிறதுபோல. எங்கே கோளாறு என்று கண்டுபிடித்த விதம்தான் எனக்கு இந்த மனிதர்மேல் நம்பிக்கையைத் தந்தது. எதையும் மாற்றச் சொல்லவில்லை. இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வைத்தார். ஒன்று காய்ந்து மண்ணிறம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. மற்றதின் முனையில் குண்டூசித் தலையளவு தண்ணீர்த் துளி. பொறி சோதிக்கிற கருவியை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பொறி ஒரே அளவு பலம். அப்போ மின்சாரம் சரி, அந்தப் பக்கத்துக் காபரேற்றருக்குள் தண்ணீர் நிற்கிறது. கழற்றித் திறந்து காட்டினார். டயஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வுக்குக் கீழே தண்ணீர், உள்ளே இருக்கிற சின்ன வலைச் சல்லடையில் மண்ணிறக் கசடு. இரண்டு காபரேற்றரையும் துப்பரவாக்கிப் புது டயஃப்ரம் போட்டார்கள். இன்னொரு இடமாக இருந்தால் இக்னிஷன் பெட்டியை மாற்றச் சொல்லி ஆயிரம் டொலருக்கு மேல் வாங்கியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பெற்றோல் தாங்கியில் இருந்தும் ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பார்த்தார்கள். இங்கே சாதாரணப் பெற்றோலில் எத்தனோல் கலந்திருக்கும். அது தண்ணீரை உறிஞ்சி, அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். எங்களுடையதில் அப்படி இல்லை. தாங்கியை வெறுமையாக்கத் தேவையில்லை என்று அவரே சொன்னார்.

அன்றிரவு கடைசி வேலை, இஞ்சினை நல்ல சூடு ஏறும்வரை ஓடவிட்டு உள்ளே துருப்பிடிக்காமல் காக்கிற ஃபொகிங் ஒயில் அடித்தது. ஸ்ராட்டர், வயர் இணைப்புகள் எல்லாவற்றிலும் டபிள்யூ.டி.-40 அடித்தார்கள். 1953இல் சான் டியேகோவில் தண்ணீரை விரட்டுவதற்கென்றே உருவாக்கிய திரவம் அது, அந்த வேலைக்கு இன்றும் நல்லது. ஆனால் மாதக்கணக்கில் துருவைத் தடுக்க அதை நம்பக்கூடாது, சிலிண்டருக்குள் ஃபொகிங் ஒயில்தான் என்று பெடியன் அழுத்திச் சொன்னான்.

நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். தண்ணீரை வெளியேற்றுகிற முறை கிட்டத்தட்ட இதுதான், ஆனால் ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் கலந்த நிறமாக வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, ஒருமுறை ஒயில் மாற்றுவதோடு விடாமல் நிறம் தெளியும்வரை மாற்ற வேண்டும். உப்புக் கடலில் நடந்தால் நேரம் இன்னும் குறைவு. யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கம் கடலில் விழுந்த அவுட்போர்ட் மோட்டரைக் கரைக்குக் கொண்டுவந்ததும் நல்ல தண்ணீர் வாளிகளோடு ஓடுவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டத்தின் அவசரம் இங்கேதான் எனக்கு வடிவாக விளங்கியது.

விலை: பிளக், டயஃப்ரம், ஒயில், இரண்டு பேருடைய மாலை நேர வேலை எல்லாம் சேர்த்து 620 டொலர், அதற்கு மேல் 13 வீத வரி. நேரம் கடந்து நின்றதற்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை. சில கிழமை கழித்துத் திரும்பக் கொம்ப்ரெஷன் பார்த்ததும் இலவசம், எண்கள் மாறவில்லை. போகும்போது குழாயை நெரித்துப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும் விற்றார்கள், ஆறு டொலர். இனி யாராவது இழுக்க வேண்டி வந்தால் குளிர்விக்கும் குழாயில் அதை மாட்டிவிட்டுத்தான் கயிறு போட விடுவேன், அப்போதும் மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு.

குறைகளும் இருக்கின்றன. தொலைபேசிக்கு ஆள் வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. அவசரமில்லாத வேலையென்றால் இவர்களும் கோடையில் காக்கவைப்பார்கள். பில்லைக் கையால் எழுதுகிறார்கள், பாகங்களின் விலை தனித்தனியாக வேண்டுமென்றால் கேட்டு எழுதுவிக்க வேண்டும். புதிய இஞ்சினைக் கணினியில் பூட்டிப் பார்க்கிற வசதி இல்லை, அதை அவர்களே மறைக்காமல் சொல்லி டீலரிடம் அனுப்புகிறார்கள். காபரேற்றர் வைத்த பழைய இரண்டு ஸ்ட்ரோக் என்றால் யோசிக்காமல் இங்கே போகலாம்.

குளிர்காலத்துக்குப் படகைப் பூட்டி வைக்கிற வேலைக்கு செப்டெம்பரிலேயே பெயர் கொடுங்கள், ஒக்டோபர் நிரம்பிவிடும். ட்ரெயிலரோடு போகிறவர்கள் முன்வாசலால் நுழையாதீர்கள், திருப்ப இடமில்லை. பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் பின்பக்கம் போனால் சரளைக்கல் வளவு இருக்கிறது, அங்கே நேராகப் பின்னுக்கு எடுக்கலாம்.