பூக்கும் பருவ வறட்சி: உளுந்துக்கும் வேர்க்கடலைக்கும் எந்தத் தெளிப்பு?

வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கத்துச் செம்மண் மானாவாரி நிலங்களில், பூவெடுக்கும் நேரத்தில் இரண்டு மூன்று வாரம் மழை தள்ளிப்போனாலே உளுந்தும் வேர்க்கடலையும் பெரிதும் அடிபடுகின்றன. அந்த இடைவெளியைத் தாங்கச் சொல்லப்படும் வளர்ச்சி ஊக்கிகள் ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

வறட்சி ஹார்மோன் என்றதும் நினைவுக்கு வருவது அப்சிசிக் அமிலம். மண்ணில் ஈரம் குறைந்தால் செடி தானாகவே இதை மிகுதியாக உண்டாக்கி, இலைத்துளைகளை மூடி, நீரிழப்பைக் குறைக்கிறது. ஆனால் துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வருவதும் குறைந்து ஒளிச்சேர்க்கை மந்தமாகும். வெயிலில் சிதையக்கூடிய, விலை மிகுந்த இந்தப் பொருளை மானாவாரி உழவருக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் வகையைச் சேர்ந்த என்.ஏ.ஏ. (நாப்தலின் அசிட்டிக் அமிலம்) தண்ணீரை மிச்சப்படுத்துவதில்லை; பூவும் பிஞ்சும் உதிராமல் பிடித்துவைக்கிறது. சாலிசிலிக் அமிலமோ, வறட்சியில் செல்களைச் சிதைக்கும் நச்சு ஆக்சிஜனை எதிர்க்கும் நொதிகளைத் தூண்டுகிறது. உளுந்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் லிட்டருக்கு என்.ஏ.ஏ. 40 மில்லிகிராம், சாலிசிலிக் அமிலம் 100 மில்லிகிராம் என்ற அளவில், பூப்பதற்கு முன் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கச் சொல்கிறது. கடையில் கிடைக்கும் 4.5 சதவீத என்.ஏ.ஏ. கரைசல் 10 லிட்டர் டேங்குக்கு ஏறத்தாழ 9 மில்லி போதும். மூடியில் கண்ணளவாக ஊற்றி அளவு மிஞ்சினால் இலை சுருண்டுகொள்ளும். சாலிசிலிக் அமிலத் தூள் குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது என்பதால், டேங்குக்கு வேண்டிய 1 கிராமை முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாசிலில் அடைத்துக்கொண்டு பாதி வயலில் நிற்க நேரும்.

மூன்றாவது தெளிப்பான பி.பி.எஃப்.எம். ஹார்மோன் அன்று, இலைமேல் வாழ்ந்து சைட்டோகைனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கும் இளஞ்சிவப்பு நிற பாக்டீரியா. இலை விரைவில் பழுக்காமல் காக்கும் இதை லிட்டருக்கு 10 மில்லி கலந்து காலையிலோ மாலையிலோ தெளிக்கலாம். பூச்சிமருந்துடன் மட்டும் சேர்க்கக் கூடாது.

உளுந்துக்கு என் தேர்வு பல்கலைக்கழகம் சொல்லும் என்.ஏ.ஏ., சாலிசிலிக் அமில இணைதான். மழை ஏற்கெனவே தவறிவிட்ட வயலுக்கு மட்டும் பி.பி.எஃப்.எம். வேர்க்கடலையில் எதற்கும் இத்தனை பலன் எதிர்பார்க்க முடியாது. பூ உதிராமல் நின்றாலும், அதிலிருந்து இறங்கி மண்ணுக்குள் காய் பிடிக்கும் விழுது, காய்ந்து இறுகிய செம்மண்ணுக்குள் போக ஈரம் வேண்டும். இலையில் அடிக்கும் எந்தத் தெளிப்பும் அதைத் தராது. நடுப்பகலில் துவண்டு மாலையில் நிமிரும் செடிக்குத் தெளிக்கலாம். விடியற்காலையிலும் தலை தொங்கினால் மருந்துக்குச் செலவழிப்பது வீண்.