125 வாக்கியங்களில் வரம் தெரியுமா? சபைகளில் புழங்கும் வினாத்தாள் ஒரு மதிப்பீடு

பணத்தின் பின்னால் ஓடாதே, தேவன் கொடுத்த வரத்தை வளர்த்துக்கொள் என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, 'எனக்கு என்ன கொடுத்திருக்கிறார்?' என்று திகைத்து நிற்கிற விசுவாசிகள் நிறையப் பேர். அவர்கள் கையில் சபைகள் கொடுப்பது ஆவிக்குரிய வரங்களை, அதாவது ஊழியத்துக்காகப் பரிசுத்த ஆவி கொடுக்கும் திறன்களை, கண்டறியும் வினாத்தாள். 1970களில் ரிச்சர்ட் ஹவுட்ஸ் தயாரித்ததை அமெரிக்க சபை வளர்ச்சி ஆசிரியர் பீட்டர் வாக்னர் திருத்தி விரிவாக்கினார். அந்த வழியில் வந்த, 125 வாக்கியங்கள் கொண்ட வடிவத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். தொடங்குவதற்கு நல்ல கருவி. ஆனால் வரத்தைப் பணம் எங்கே விழுங்குகிறது என்பதை மட்டும் இது கேட்பதே இல்லை.

அமைப்பு எளிது. மொத்தம் 25 வரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாக்கியங்கள். 'மிகவும் பொருந்தும்' என்றால் 3, 'ஓரளவு' 2, 'கொஞ்சம்' 1, 'இல்லவே இல்லை' 0. ஆகவே ஒரு வரத்துக்கு அதிகபட்சம் 15. ஒரே வரத்தின் வாக்கியங்கள் அடுத்தடுத்து வராமல் 25 எண் இடைவெளி விட்டு வரும். உதாரணமாக, போதிக்கும் வரத்துக்கு 3, 28, 53, 78, 103.

பிழை நடப்பது விடைத்தாளில். மேலிருந்து கீழாக நிரப்பி, இடமிருந்து வலமாகக் கூட்ட வேண்டும். படிக்கிற பழக்கத்தில் பக்கவாட்டாக நிரப்பினால் 2ஆம் வாக்கியத்தின் மதிப்பெண் 26ஆம் கட்டத்தில் போய் உட்காரும். பிறகு வருகிற 25 கூட்டுத்தொகையும் குப்பைதான். நடுவில் ஒரு வாக்கியத்தைத் தாண்டிவிட்டாலும் இதே கதி. முதல் நெடுவரிசை சரியாக 25ஆம் கட்டத்தில் முடிகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். அந்நியபாஷை (கற்காத மொழியில் பேசுவது), குணமாக்கும் வரம் போன்றவை இன்று இல்லை என்று போதிக்கும் சபைகள் சில வரங்களை எடுத்துவிடுவதுண்டு. ஐந்தை எடுத்தால் வாக்கியங்கள் 100 ஆகும், இடைவெளியும் 20 ஆகிவிடும். பழைய விடைத்தாளையே நகலெடுத்துக் கொடுத்தால் கணக்கு உதைக்கும்.

25 என்ற எண் வேதத்தில் எங்கும் இல்லை. ரோமர் 12:6-8இல் ஏழு, 1 கொரிந்தியர் 12:8-10இல் ஒன்பது, எபேசியர் 4:11இல் ஐந்து ஊழியங்கள். இவற்றில் சில திரும்பத் திரும்ப வருகின்றன. வேறு வசனங்களிலிருந்து எடுத்த உபசரிப்பு, மன்றாட்டு ஜெபம் போன்றவற்றையும் சேர்த்துத்தான் பட்டியல் இவ்வளவு நீளமானது. கைவேலைக்கும் இசைக்கும் தனி இடம் இல்லாதது பெரிய குறை. ஆசரிப்புக் கூடார வேலைக்காகப் பெசலெயேல் என்ற கைவினைஞரைத் தேவன் தம் ஆவியினால் நிரப்பினதாக யாத்திராகமம் 31 சொல்கிறது. அந்த பெசலெயேல் இன்று இதை நிரப்பினால் 'உதவி', 'ஊழியம்' என்ற பொதுவான தலைப்புகளில்தான் போய் ஒதுங்குவார்.

இப்போது பண விஷயம். கொடுக்கும் வரம் (8, 33, 58, 83, 108), மனமுவந்து ஏற்கும் எளிமை (21, 46, 71, 96, 121) இரண்டுக்கும் இதில் இடம் உண்டு. இரண்டாவதைச் சேர்த்ததற்கே தயாரித்தவர்களைப் பாராட்டலாம். சபைகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத வரம் அது. ஆனால் இந்த வினாத்தாள் பெரும்பாலும் இதுவரை செய்ததை வைத்தே மதிப்பெண் போடுகிறது. வசதியுள்ளவருக்குக் கொடுத்த அனுபவம் அதிகம், மதிப்பெண்ணும் ஏறும். இரண்டு காசு போட்ட விதவைக்குக் குறைவாக வரலாம். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கும் எல்லாமே தாழ்வாகத்தான் வரும். அதைப் பார்த்து வரமே இல்லை என்று முடிவுகட்டுவது தவறு; செய்து பார்க்க வாய்ப்பே வரவில்லை என்பதுதான் அதன் பொருள்.

அதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. தலைமைத்துவம், நிர்வாகம் இரண்டிலும் 13, 14 வந்தவர், பெரிய பதவிக்கும் பெரிய சம்பளத்துக்கும் தேவனே பச்சைக்கொடி காட்டிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார். 1 பேதுரு 4:10 வரம் பெற்றவரை உக்கிராணக்காரர் என்கிறது. உக்கிராணத்தில் இருப்பது அவருடைய சொத்து அல்ல, பகிர்ந்துகொடுக்க வேண்டிய சரக்கு. திறமை என்ற பொருளில் நாம் சொல்லும் தாலந்து என்ற சொல்லிலேயே இந்தக் குழப்பம் ஒளிந்திருக்கிறது. மத்தேயு 25இல் அது பணத்தின் அளவு: 6,000 தெனாரியம், அதாவது ஒரு கூலியாளின் ஏறக்குறைய இருபது வருட சம்பாத்தியம். ஐந்தைப் பத்தாக்கினவனிடமும் அது எஜமானின் பணமாகவே இருந்தது.

இந்தக் கருவியைப் பயன்படுத்த நாங்கள் பரிந்துரைக்கும் முறை இது. ஒரே அமர்வில், ஒரு மணி நேரத்துக்குள் நிரப்புங்கள். யோசித்து யோசித்துப் போட்டால் இருக்கிற ஆளை விட்டுவிட்டு, ஆக விரும்புகிற ஆளுக்கு மதிப்பெண் விழும். பிறகு உங்களை நன்றாக அறிந்த மூன்று பேரிடம் வெற்றுத்தாள் கொடுத்து, உங்களைப் பற்றி அவர்களை நிரப்பச் சொல்லுங்கள். ஒருவராவது முகத்துக்கு நேரே உண்மை பேசுகிறவராக இருக்கட்டும். அவர்கள் போட்டதற்கும் நீங்கள் போட்டதற்கும் 4க்கு மேல் வித்தியாசம் வருகிற இடங்களை உட்கார்ந்து பேசுங்கள். 'நீ தேறுகிறது யாவருக்கும் விளங்கும்படி' என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அந்தத் தேர்ச்சி மற்றவர் கண்ணில் பட வேண்டும்.

வினாத்தாள் கேட்காத கேள்வியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தாளின் பின்பக்கத்தில் தூக்கம், குடும்பம், பிழைப்புக்கான வேலை, தேவைக்கு மேல் சம்பாதிப்பதற்கான கூடுதல் வேலை என்று நான்காகப் பிரித்து எழுதி, அதிக மதிப்பெண் வந்த மூன்று வரங்களுக்கு எத்தனை மணி என்று ஐந்தாவதாக எழுதுங்கள். நாலாவது 15 என்றும் ஐந்தாவது பூஜ்யம் என்றும் இருந்தால், 125 வாக்கியங்கள் சொல்லாததை அந்த இரண்டு எண்கள் சொல்லும். பிழைப்புக்கான வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை. பவுலே கூடாரம் பண்ணித்தான் சாப்பிட்டார். நாலாவதிலிருந்து இரண்டு மணி நேரத்தை எடுத்து, ஒரே ஒரு வரத்துக்கு, பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கொடுங்கள். போதிக்கும் வரமா? ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு. இரக்கமா? படுக்கையில் இருக்கிற ஒருவரை வாரந்தோறும் போய்ப் பார்ப்பது. மூன்று வரங்களையும் ஒரே சமயத்தில் தொட்டால் நாலாவது வாரமே எல்லாம் நின்றுபோகும்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் 125 வாக்கியங்களையும் மறுபடி நிரப்ப வேண்டாம். அந்த ஒரு வரத்துக்கான ஐந்து வாக்கியங்களை மட்டும் அதே மூன்று பேரிடம் கொடுத்தால் போதும்.