பிளானும் மேசன் வேலையும் ஒரே அணியிடம்: கிளிநொச்சியில் முழுவீட்டுத் திருத்தம்

பிளான் கீறுபவரும் கொந்தராத்துக்காரரும் ஒரே அணி என்றால் "அது எங்கட வேலையில்லை" என்ற கதை இல்லை. வயறிங், பைப் போகும் வழியைப் பூச்சுக்கு முன்பே கீறித் தருகினம். பூசின சுவரைத் திரும்பக் கொத்தத் தேவையில்லை.

இடறுவது விலைப்பட்டியலில்தான். "பூச்சு வேலை, மொத்தமாக" என்று ஒற்றை வரி இருந்தால் கையெழுத்து வையாதேங்கோ. சதுர அடி, கலவை (சீமெந்து ஒரு பங்குக்கு மணல் ஐந்து பங்கு, அதாவது 1:5 போல), பூச்சின் தடிப்பு எல்லாம் எழுத்தில் வேணும். கறையான் மருந்து தனி வரியாக இருக்கட்டும். நிலத்துக்குக் கொங்கிறீற் போட்ட பிறகென்றால் துளையிட்டுத்தான் மருந்து இறக்கவேணும். பழைய சுவரடியில் ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தால், மேலால் பூசி மறைப்பது வீண்செலவு. அடுத்த மாரியில் பூச்சு கழன்று விழும்.

கடைசி 5 வீதக் காசை மார்கழி மழை முடியும்வரை பிடித்து வையுங்கோ. கூரையும் சுவரும் சேரும் இடத்து ஒழுக்கு அப்போதுதான் தெரியும்.