கொழும்புச் சூட்டில் ப்ரோசெஸர்: வாட் வரம்பா, வெப்ப வரம்பா, வோல்டேஜ் குறைப்பா?

ப்ரோசெஸர் விமர்சனங்களில் பார்க்கும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20 முதல் 24 பாகை வரை குளிரூட்டிய அறைகளில் எடுத்தவை. கொழும்பில் ஏசி போடாத அறை பகலில் 30, 31 பாகையில் நிற்கும். இரவிலும் பெரிதாக இறங்காது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை பாகை ஏறும் என்பதைத்தான் கூலர் தீர்மானிக்கிறது. அறை 9 பாகை கூடினால் ப்ரோசெஸரும் கிட்டத்தட்ட 9 பாகை கூடும். மேசைக்குக் கீழே சுவரோடு ஒட்டி வைத்த கேஸ் என்றால் உள்ளே இன்னும் சில பாகை அதிகம்.

பயோஸைத் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) திறக்க முன் இரண்டைப் பாருங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டியிருக்கலாம். வெள்ளவத்தை, தெஹிவளை போலக் கடலோரம் இருந்தால், உப்பு ஈரத்தோடு சேர்ந்த தூசி கூலரின் தகடுகளுக்கிடையே பசைபோல் பிடித்திருக்கும். காற்று அடித்தால் மட்டும் போகாது, மெல்லிய பிரஷ் வேண்டும். இவை சரியாக இருந்தும் சூடு குறையவில்லை என்றால்தான் பயோஸ் வேலை.

பயோஸில் வழிகள் நான்கு: வெப்ப வரம்பைக் குறைப்பது, வாட் வரம்பைக் குறைப்பது, வோல்டேஜைக் குறைப்பது, பூஸ்டை (வேலை வரும்போது ப்ரோசெஸர் தானாக வேகம் ஏற்றுவது) நிறுத்துவது. எல்லாமே சூட்டைக் குறைக்கும் என்று ஒரே கட்டாகப் பேசுவார்கள். நம் ஊர் அறையில் இவை நடந்துகொள்ளும் விதம் ஒன்றுக்கொன்று வேறு.

வெப்ப வரம்பு

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் 7700எக்ஸ், 7950எக்ஸ் போன்றவற்றின் உச்ச வரம்பு 95 பாகை. பெயரில் எக்ஸ்3டி என்று வரும் வகைகளுக்கு 89. பிளாட்ஃபார்ம் தெர்மல் த்ராட்டில் லிமிட் என்ற இடத்தில் 85 என்று போட்டால் அதற்கு மேல் ஏறாது. இரண்டு நிமிட வேலை, எதுவும் கெடாது. ஆனால் வெப்பத்தைக் கட்டிப்போட்டால் வேகம் அறையைப் பொறுத்து ஆடும். ஏசி ஓடும்போது ஒரு வேகம், பிற்பகல் இரண்டு மணிக்கு இன்னொரு வேகம். கனமான வேலையில் வெப்பம் எப்போதும் 85-ஐத் தொட்டபடியே நிற்பதால் மின்விசிறியும் ஓயாமல் இரையும். இதை வேலியாக வையுங்கள். முதல் மருந்தாக அல்ல.

வாட் வரம்பு

எங்கள் தேர்வு இதுதான். வாட்டைக் கட்டினால் வேகம் ஏறக்குறைய நிலையாக இருக்கும், வெப்பம்தான் அறையோடு ஏறி இறங்கும். அறைக்குள் கொட்டப்படும் சூட்டையும் இது நேரடியாகக் குறைக்கிறது. 7700எக்ஸ் போன்ற ப்ரோசெஸர் எடுக்கும் 142 வாட்டும் கடைசியில் உங்கள் அறைக்குள்தான் வந்து சேரும். சின்ன அறையில் அது தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 142 வாட்டில் அறைக்கு மேல் 60 பாகை ஏற விடும் கூலர் என்று வைத்துக்கொள்வோம். 22 பாகை அறையில் அது 82. கொழும்பில் 31 பாகை அறையில் 91. அதே கூலரில் 88 வாட் என்றால் ஏற்றம் சுமார் 37; 31 பாகை அறையிலும் 68-ல் நின்றுவிடும்.

88 என்பது ஏஎம்டி 65 வாட் என்று விற்கும் வகைகளுக்குரிய பிபிடி அளவு, அதாவது ப்ரோசெஸர் உண்மையில் எடுக்கக்கூடிய உச்ச வாட். 105 வாட் வகைக்கு 142, 170 வாட் வகைக்கு 230. வகை வாட்டை 1.35-ஆல் பெருக்கினால் இந்த எண்கள் வரும். வேகம் எவ்வளவு போகும் என்ற பயத்துக்கு ஏஎம்டியே பதில் வைத்திருக்கிறது: 2023 ஜனவரியில் வந்த 7700, அதே எட்டு கோர்களை (ப்ரோசெஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 88 வாட்டில் ஓட்டுகிறது; உச்ச வேகம் 7700எக்ஸில் 5.4 கிகாஹெர்ட்ஸ், இதில் 5.3. ஒரு கோர் மட்டும் ஓடும் வேலை 88 வாட்டை எட்டுவதே இல்லை என்பதால் அங்கே இழப்பு தெரியாது. எல்லாக் கோர்களும் ஓடும் ரெண்டரிங்கில் சில சதவீதம் போகும்.

ஏசுஸ் பி650 மதர்போர்டில் வழி இது: டெலீட் விசை, பிறகு எஃப்7 அழுத்தி அட்வான்ஸ்ட் மோட். அட்வான்ஸ்ட், ஏஎம்டி ஓவர்க்ளாக்கிங், எச்சரிக்கைக்கு அக்ஸெப்ட், பிரெசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் (பிபிஓ). அதை அட்வான்ஸ்ட் ஆக்கி, பிபிஓ லிமிட்ஸை மேனுவல் ஆக்குங்கள். பிபிடி 88 வாட், டிடிசி (நீடித்த மின்னோட்ட வரம்பு) 75 ஆம்பியர், ஈடிசி (கணநேர உச்ச மின்னோட்ட வரம்பு) 150 ஆம்பியர். எண்களைத் தொட விருப்பமில்லை என்றால் ஈகோ மோட் 65 வாட் என்பதும் இதே வேலையைச் செய்யும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இந்த மெனு பல ஏஎம்5 (ரைசன் 7000 பொருந்தும் சாக்கெட்) போர்டுகளில் மில்லிவாட்டிலும் மில்லிஆம்பியரிலும் கேட்கும். 88 வாட் என்றால் 88000, 75 ஆம்பியர் என்றால் 75000 என்று அடிக்க வேண்டும். வெறும் 88 அடித்தால் ப்ரோசெஸர் மிகக் குறைந்த வேகத்துக்கு விழுந்து, விண்டோஸ் திறப்பதே பெரும்பாடாகிவிடும். அப்போது மின்சாரத்தை முற்றாக நிறுத்தி சீமாஸ் க்ளியர் (பயோஸில் போட்ட எண்களை அழிப்பது) செய்யுங்கள். அதன் பிறகு ஏஎம்5 போர்ட், ரேமோடு எந்த அளவுகளில் வேலை செய்வது என்று மறுபடி சோதித்துப் பழகும். சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். போர்ட் செத்துவிட்டது என்று நினைத்து இடையில் நிறுத்தி, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

இன்னொன்று: இதே எண்கள் பயோஸின் ஏஐ ட்வீக்கர் பக்கத்திலும் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் போடுங்கள், மற்றதை ஆட்டோவில் விடுங்கள்.

வோல்டேஜ் குறைப்பு

ரைசனில் இதற்கான பயோஸ் அமைப்பின் பெயர் கர்வ் ஆப்டிமைசர். நெகட்டிவ் 10, 20 என்று கொடுப்பீர்கள். ஒவ்வொரு படியும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மின்சாரச் செலவு வோல்டேஜின் இருபடியோடு ஏறுவதால் சின்னக் குறைப்புக்கும் பலன் உண்டு. ஆனால் இதை மட்டும் போட்டுவிட்டு "வெப்பம் அதே 95-ல் நிற்கிறதே" என்று கேட்பவர்கள் அதிகம். வெப்ப வரம்பில் முட்டிக்கொண்டிருந்த ப்ரோசெஸர், கிடைத்த இடைவெளியை வேகமாக மாற்றிக்கொண்டு மறுபடி அதே 95-க்குப் போய்விடுகிறது. வாட் வரம்போடு சேர்த்தால்தான் இது முழுமையாகப் பயன் தரும்: 88 வாட்டில் இழந்த வேகத்தில் ஒரு பகுதியை இது மீட்டுத் தரும்.

ஆபத்து இருக்கும் இடம் நாம் நினைக்கும் இடமல்ல. சினிபெஞ்ச் (வேகத்துக்குப் புள்ளி போடும் சோதனை மென்பொருள்) பத்து நிமிடம் தாண்டிவிட்டது என்பதால் மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் துள்ளும் இலேசான வேலையில்தான், பிரௌசர் திறந்திருக்கும்போதோ சும்மா இருக்கும்போதோ, கணினி திடீரென்று செயலிழந்து விழும். ப்ரோசெஸரின் சிறந்த கோர்கள்தான் குறைப்பைக் குறைவாகத் தாங்கும். எல்லாவற்றுக்கும் நெகட்டிவ் 10 போட்டுத் தொடங்கி, கோர்சைக்ளர் என்ற சோதனை மென்பொருளில் ஒவ்வொரு கோராக இரவு முழுக்க ஓட்டி, பிறகு 15, 20 என்று நகருங்கள்.

நம் ஊரில் கணினி திடீரென்று ரீஸ்டார்ட் ஆனால் கரண்ட் மீது பழி போட்டுவிட்டுப் போய்விடுவோம். விண்டோஸில் பிழைகள் பதிவாகும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். கெர்னல்-பவர் 41 மின்வெட்டிலும் வரும், கணினி தானாக விழுந்தாலும் வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனோடு டபிள்யூஎச்ஈஏ-லாகர் 18 என்ற வன்பொருள் பிழைப் பதிவும் இருந்தால் கரண்ட் மீது குற்றமில்லை, கோர் ஒன்று தவறியிருக்கிறது. அதில் உள்ள ஏபிஐசி ஐடியை இரண்டால் வகுத்தால் பெரும்பாலும் அந்தக் கோரின் எண் கிடைக்கும். அந்தக் கோருக்கு மட்டும் ஐந்து படி திருப்பிக் கொடுங்கள் (நெகட்டிவ் 20 என்றால் 15). கணக்கு வேலை, வாடிக்கையாளர் கோப்புகள் இருக்கும் கணினியில் இந்தச் சோதனைகளுக்கு நேரம் இல்லையென்றால் வோல்டேஜைத் தொடாமல் வாட் வரம்போடு நிறுத்துவதே நல்லது.

பூஸ்ட் நிறுத்தம்

வெப்பம் கண்டிப்பாக விழும், வேகமும் சேர்ந்து விழும். 7700எக்ஸ் 4.5 கிகாஹெர்ட்ஸில் நிற்பதைச் சகிக்கலாம். இன்டெலின் ஐ7-13700-ன் பெரிய கோர்களுக்கு அடிப்படை வேகம் 2.1 மட்டுமே. கொடுத்த காசை வீணாக்குவது அது.

இன்டெல் பக்கம்

இங்கே வாட் வரம்புக்குப் பெயர் பிஎல்1 (நீடித்த வேலைக்கு, லாங் டியூரேஷன்), பிஎல்2 (குறுகிய நேரத்துக்கு, ஷார்ட் டியூரேஷன்). ஐ7-13700கேக்கு இன்டெல் சொல்வது 125, 253. ஐ5-13600கேக்கு 125, 181. பிரச்சினை போர்டுகளில்: எம்எஸ்ஐயில் கூலர் வகை கேட்கும் திரையில் வாட்டர் கூலர் என்று தெரிவு செய்தால் வரம்பு 4096 வாட், அதாவது வரம்பே இல்லை. ஏசுஸில் இன்டெர்னல் சிபியு பவர் மேனேஜ்மென்டுக்குள் லாங் டியூரேஷனுக்கு 125, ஷார்ட் டியூரேஷனுக்கு 180 போட்டால் நடுத்தரக் காற்றுக் கூலரே தாங்கும். 650 விஏ யூபிஎஸ் வைத்திருப்போருக்கும் இது உதவும்; கரண்ட் போகும் நொடியில் அது ஓவர்லோட் ஆவது குறையும். ஐ5-12400 வைத்திருந்தால் இதெல்லாம் தேவையில்லை, அது 117 வாட்டை எட்டுவதே அரிது.

வோல்டேஜ் குறைப்பில் இன்டெலுக்கு ஒரு பொறி உண்டு. ஐஏ சிஈபி (வோல்டேஜ் போதாதபோது ப்ரோசெஸர் தன்னைக் காத்துக்கொள்ளும் அமைப்பு) இயங்கிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜை அதிகம் இறக்கினால், திரையில் வேகம் அப்படியே காட்டும், சினிபெஞ்ச் புள்ளி மட்டும் சரியும். வெப்பம் குறைந்ததைப் பார்த்து மகிழ முன் புள்ளியைப் பாருங்கள்.

13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்போர் முதலில் பயோஸை 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்திய மைக்ரோகோட் (ப்ரோசெஸருக்கான இன்டெலின் திருத்தக் குறிமுறை) உள்ள பதிப்புக்கு உயர்த்துங்கள். 2024-ல் வெளிப்பட்ட பழுது, இலேசான வேலையிலும் வோல்டேஜ் அளவு மீறி ஏறுவதால் வருவது. வாட் வரம்பு மட்டும் அதைத் தடுக்காது. அப்டேட் நடக்கும்போது யூபிஎஸ் கட்டாயம். அப்டேட் முடிந்ததும் போட்ட எண்கள் எல்லாம் அழிந்து, வரம்புகள் பழையபடி திரும்பியிருக்கும். சேமித்த ப்ரொஃபைலும் புதிய பதிப்பில் பெரும்பாலும் ஏறாது. ஆகவே முன்கூட்டியே எஃப்ஏடி32 பென் டிரைவ் ஒன்றைச் செருகி, ஒவ்வொரு பக்கத்திலும் எஃப்12 அழுத்திப் படம் எடுத்து வையுங்கள்.