காலப் பயண வகுப்பு நாற்பது நிமிஷம் லேட்: தண்டையார்பேட்டை மொட்டைமாடி அனுபவம்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நாலரை மணிக்கு என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்த வகுப்பு ஐந்து பத்துக்குத்தான் ஆரம்பித்தது. வகுப்பு எதைப் பற்றி? காலத்தைப் பற்றி. புரொஜெக்டர் வயரைக் காணோம், அதைத் தேடி ஒரு பையன் சைக்கிளில் போனான், நாங்கள் இருபது பேர் மாடியில் தகர ஷீட்டுக்குக் கீழே வெந்துகொண்டிருந்தோம்.

இடம் தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு டியூஷன் சென்டர். வார நாட்களில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு. மூன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் காலப் பயணம், இயற்பியலில் இன்னும் விடை தெரியாத கேள்விகள் என்று ஒரு வகுப்பு, பெரியவர்களும் வரலாம், ஆளுக்கு 400 ரூபாய், டீ சமோசா அதிலேயே அடக்கம். ஒன்பதாவது படிக்கிற மகள் நச்சரித்ததால் போனேன். இந்த விஷயத்தில் யூடியூபில் ஓடுகிற உருட்டுகளைப் பார்த்தே பழகிய எனக்குப் பெரிய நம்பிக்கை எல்லாம் இல்லை.

வயர் வந்து சேர்ந்ததும் சார் அதைத் தொடவே இல்லை. எல்லாரையும் உள்ளங்கையை நீட்டச் சொன்னார். கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று நிதானமாக எண்ணிவிட்டு, இதில் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் ஒரு மியூவான் உங்கள் கை வழியாகப் போயிருக்கும் என்றார். விண்வெளியிலிருந்து வருகிற காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கிற துகள் அது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செகண்ட். ஒளி வேகத்திலேயே ஓடினாலும் அந்த நேரத்துக்குள் 660 மீட்டர்தான் தாண்டும், கிட்டத்தட்ட எல்லாமே மேலேயே செத்திருக்க வேண்டும். அப்புறம் எப்படித் தண்டையார்பேட்டை மாடி வரை வந்தது? அது ஓடுகிற வேகத்தில் அதன் கடிகாரம் நம் கணக்குக்கு மெதுவாகப் போகிறது, அதற்குக் கொஞ்ச நேரம் ஆவதற்குள் நமக்கு நிறைய நேரம் ஓடிவிடுகிறது, ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்ன சங்கதி. எதிர்காலத்துக்குப் போக முடியுமா என்று கேட்டால் முடியும், மியூவான் தினமும் போகிறது, அதில் இயற்பியலாளர்களுக்குள் சண்டையே இல்லை. பக்கத்திலிருந்த அக்கா சட்டென்று கையை மடக்கிக்கொண்டு, "உடம்புக்கு ஒண்ணும் ஆவாதே சார்?" என்றார். "பொறந்ததுல இருந்து போய்க்கினுதான்மா இருக்கு."

அதே வேகத்தில் ஜிபிஎஸ் கதை. செயற்கைக்கோள் ஓடுகிற வேகத்தில் அதன் கடிகாரம் கொஞ்சம் பிந்தும், ஆனால் அவ்வளவு உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவு என்பதால் அதைவிட அதிகமாக முந்தும், மொத்தத்தில் நம்முடையதைவிட நாளுக்கு 38 மைக்ரோ செகண்ட் முந்திப் போகும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிசகும், ராயபுரத்தில் நிற்கிற நம்மை ஆட்டோக்காரர் திருவொற்றியூர் தாண்டித் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது வாரம்தான் எனக்குப் பிடித்தது. கேரம் போர்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஒரு காய் இன்னொன்றில் மோதுவதை செல்போனில் எடுத்துத் திருப்பி ஓட்டினார், எது நேர் எது தலைகீழ் என்று சொல்ல முடியவில்லை. அப்புறம் முதல் அடியில் கூட்டம் சிதறுவதை எடுத்துத் திருப்பிப் போட்டார், மாடியே சிரித்தது. ஒவ்வொரு மோதலுக்கும் உள்ள சமன்பாடு முன்னே பின்னே இரண்டு பக்கமும் ஓடும், ஆனால் சிதறின காய் தானாக வந்து அடுக்கிக்கொள்ளாது. ஒழுங்கிலிருந்து கலைசலுக்குப் போகிற அந்தத் திசைதான் நமக்குக் காலம் மாதிரி தெரிகிறது. பிரபஞ்சம் தொடக்கத்தில் ஏன் அவ்வளவு ஒழுங்காக இருந்தது என்பதற்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை. பின்னாலிருந்த பையன், "சார், உங்க முதல் வீடியோவுலயும் காய் போகப் போக ஸ்லோ ஆவுதே, திருப்பிப் போட்டா தானா வேகம் எடுக்கும்ல?" என்றான். மாட்டிக்கொண்டார். பவுடர் போட்டாலும் உராய்வு இருக்கும், அதுவும் ஒரு கலைசல்தான் என்று மழுப்பாமல் ஒத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

கடந்த காலத்துக்குத் திரும்புவது பற்றி, சமன்பாட்டில் வழி இருக்கிறது, உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை என்று பிரித்துச் சொன்னார். கணித மேதை கோடெல் 1949-இலேயே சுழலும் பிரபஞ்சம் ஒன்றைக் கணக்குப் போட்டு, அதில் புறப்பட்ட நேரத்துக்கே திரும்பி வர முடியும் என்று காட்டியிருக்கிறார். இயற்பியலாளர் ஹாக்கிங் 2009 ஜூன் 28 அன்று காலப் பயணிகளுக்கு விருந்து வைத்து, அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகு வெளியிட்டார், ஒருத்தரும் வரவில்லை. நம்ம ராயபுரம் ஸ்டேஷன் திறந்ததும் 1856-இல் ஒரு ஜூன் 28. (இது சார் சொன்னதில்லை, என் கண்டுபிடிப்பு. வழி மாறி இங்கே வந்து இறங்கிவிட்டார்களோ என்னவோ.)

மூன்றாவது வாரம் சொதப்பல். பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரிகிற கரும்பொருள் 27 சதவீதம், பிரபஞ்ச விரிவை வேகப்படுத்துகிற கரும் ஆற்றல் 68, நமக்குத் தெரிந்த பொருள் வெறும் 5 என்று ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டே போனார், மூச்சு விட இடமில்லை. இதற்கே தனியாக மூன்று வாரம் வேண்டும். இரண்டு இடத்தில் மட்டும் நின்றார். ஒன்று, அணுக்கருவுக்குள் இருக்கிற நியூட்ரான் துகளை வெளியே தனியாக விட்டால் எவ்வளவு நேரம் இருக்கும் என்பது: புட்டி மாதிரி அடைத்து வைத்து அளந்தால் சராசரி 878 செகண்ட் சொச்சம், கற்றையாக ஓடவிட்டு அளந்தால் 888 பக்கம். மகள் எழுந்து எது சரி என்று கேட்டாள். "தெரியலம்மா. எனக்கு மட்டும் இல்ல, யாருக்கும்."

இன்னொன்று தானாக அமைந்தது. திரை மினுக்கிக்கொண்டே இருந்தது, எழுந்து போய் வயரை அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னார்: 2011-இல் ஜெனீவா பக்கமிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் போன நியூட்ரினோ என்கிற நுண்துகள், எதுவும் முந்த முடியாது என்கிற ஒளியைவிட 60 நானோ செகண்ட் முன்னாடியே வந்துவிட்டது என்று உலகமே அதிர்ந்தது, கடைசியில் பார்த்தால் முக்கியக் காரணம் சரியாகப் பொருத்தாத ஒரு ஃபைபர் கேபிள். கையிலே வயரோடு அதைச் சொன்னதும் முதல் வாரக் கோபம் எனக்குப் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

400 ரூபாய்க்குத் தாராளமாகப் போகலாம், பத்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் நெளிவார்கள், வேண்டாம். தண்ணீர் பாட்டில், விசிறி எடுத்துக்கொள்ளுங்கள், பைக் நிறுத்த இடமில்லை. சமோசா ஆறித்தான் வரும். முனையில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை இருக்கிறது, முட்டை போட்டுக் கேளுங்கள்.