ட்ரிப் ட்ராப் நாற்காலி: கால் ஊன்றினால் கை தட்டுக்குப் போகும்

உட்கார வைத்த ஐந்தாவது நிமிடம் குழந்தை நெளியத் தொடங்குகிறது. ஒரு பக்கம் சாய்கிறது, வழுக்கிக் கீழே இறங்குகிறது, ட்ரேயின் மேல் காலைத் தூக்கிப் போடுகிறது, எழுந்து நிற்கப் பார்க்கிறது. வீட்டில் இருப்பவர்கள் "பசி இல்லை" என்றோ "அடம் பிடிக்கிறது" என்றோ முடிவு கட்டிவிடுவார்கள். தட்டில் இருப்பதை மாற்றுவதற்கு முன் ஒருமுறை குனிந்து நாற்காலிக்கு அடியில் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

கால் வைக்கக் கட்டை இல்லாத உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தால் பெரியவர்களுக்கே சிறிது நேரத்தில் இடுப்பு கடுக்கும். குழந்தைக்கு முதுகையும் வயிற்றையும் தாங்கும் தசைகள் இன்னும் தேறவில்லை. விழாமல் இருப்பதற்கே பாதி முயற்சி போய்விடும். மீதியை வைத்துக்கொண்டுதான் அது கையால் எடுக்க வேண்டும், வாயில் வைக்க வேண்டும், மெல்ல வேண்டும், விழுங்க வேண்டும். பாதம் ஊன்றினால் இடுப்பு அசையாது. இடுப்பு அசையாவிட்டால் முதுகு நிமிரும். அப்போதுதான் கைக்கும் தாடைக்கும் வேலை செய்ய விடுதலை கிடைக்கும். உணவூட்டல் சிக்கல்களைக் கையாளும் சிகிச்சையாளர்கள் என்ன சாப்பிடுகிறது என்று கேட்பதோடு, எப்படி உட்கார்கிறது என்றும் பார்ப்பது இதனால்தான்.

நார்வேயின் ஸ்டோக்கே நிறுவனம் 1972இல் சந்தைக்குக் கொண்டுவந்த ட்ரிப் ட்ராப் இந்தக் கணக்கை மனதில் வைத்தே உருவான நாற்காலி. வடிவமைத்தவர் பீட்டர் ஓப்ஸ்விக். சின்ன நாற்காலியில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்ட தன் மகன், பெரியவர்களின் மேசைக்கு எட்டாமல் தவிப்பதைப் பார்த்து வரைந்தார். 50 ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை. பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்ந்து நிற்கும் இரண்டு மரச்சட்டங்கள், உள்பக்கம் வரிசையாக வெட்டிய காடிகள், அந்தக் காடிகளில் செருகும் இரண்டு பலகைகள். ஒன்று உட்கார, மற்றது கால் வைக்க. இரண்டையும் மேலே கீழே மாற்றலாம். முன்னே பின்னே தள்ளியும் வைக்கலாம். இரண்டாவதாகச் சொன்ன அந்த வசதிதான் மற்றப் பல நாற்காலிகளில் இல்லாதது. உயரத்தை மட்டும் மாற்றித் தரும் நாற்காலியில் வளர்ந்த குழந்தைக்குத் தொடை பாதி வெளியே நிற்கும், சின்னக் குழந்தைக்கு முழங்கால் மடங்காமல் கால் நேராக நீளும்.

அகலம் 46, ஆழம் 49, உயரம் 79 செ.மீ. எடை ஏறக்குறைய 7 கிலோ. 72 முதல் 76 செ.மீ. உயரமுள்ள மேசைக்கு ஏற்ற அளவு இது. வாங்குவதற்கு முன் மேசையை அளந்துவிடுங்கள். மேற்பரப்பின் உயரம் மட்டும் போதாது, அடியில் ஓடும் குறுக்குச்சட்டத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு என்றும் பாருங்கள். சில மேசைகளில் அந்தச் சட்டம் 10 செ.மீ. வரை கீழே இறங்கியிருக்கும். குழந்தையின் தொடை அதில் இடித்தால் நாற்காலி மேசைக்குள் போகாது, தட்டு எட்டாத தூரத்தில் நின்றுவிடும்.

பூட்டும்போது எல்லாத் திருகுகளையும் முதலிலேயே இறுக்கிவிடாதீர்கள். பாதி இறுக்கத்தில் முழுவதையும் கூட்டி, சமதளத் தரையில் நிறுத்தி, மேலிருந்து அழுத்தி, ஆட்டம் இல்லை என்று பார்த்த பிறகு அலன் கீயால் (திருகு இறுக்கும் அறுகோணச் சாவி) மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் சட்டம் கோணிக்கொள்ளும், பிறகு எப்போதும் ஒரு மூலை தட்டும். மரம் பருவத்துக்குத் தகுந்தபடி சுருங்கும், விரியும். அதனால் முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஒருமுறையும், அதன் பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் திருகுகளைச் சரிபார்க்க வேண்டும். கால் பலகையைக் கையால் இழுத்தால் முன்னே வருகிறது என்றால் இறுக்கம் போய்விட்டது என்று பொருள். இரு சட்டங்களும் சேர்ந்து நெருக்கும் பிடிப்புதான் அந்தப் பலகையைத் தாங்குகிறது.

இனி, எல்லோரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருவோம். பூட்டிய அன்று வைத்த அளவு ஓராண்டு கழித்தும் அப்படியே இருக்கும், குழந்தை வளர்ந்திருக்கும். இந்த நாற்காலியைக் குறை சொல்லும் பலரின் வீட்டில் கால் பலகை ஒருமுறைகூட இடம் மாறியிருக்காது. உயரத்தை மாற்றும் வசதிக்காக வாங்கிவிட்டு அதைத் தொடாமலே இருப்பது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, திருகு பார்க்கும் அதே நாளில், குழந்தையை உட்கார வைத்து மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் முழங்கை. தோளைத் தூக்காமல் கையை மடக்கினால் முழங்கை மேசை மட்டத்தில், அல்லது அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மேசை மார்பு வரை வந்தால் குழந்தை கையை இறக்கை மாதிரி விரித்துத்தான் எடுக்கும், சீக்கிரம் களைத்துப்போகும். அடுத்தது முழங்காலின் பின்பக்கம். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது பலகையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே பெரியவர்களின் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அதைவிடக் குறைந்தால் விளிம்பு அழுத்தும். குழந்தை முன்னால் நகர்ந்து, முதுகு வளைந்து, வழுக்கும். கடைசியாகப் பாதம். குதிகால் முதல் விரல் வரை முழுப்பாதமும் பலகையில் படிய வேண்டும், முழங்கால் ஏறத்தாழச் செங்கோணமாக மடங்க வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் அது ஊன்றியதாகாது. கால் பலகையை முன்னே தள்ளும்போது ஒரு எச்சரிக்கை: தரையில் படியும் கட்டையின் முனையைத் தாண்டி அது நீண்டு நிற்கக் கூடாது. குழந்தை அதன் மேல் ஏறி நின்றால் நாற்காலி முன்பக்கமாகக் கவிழும்.

ஆறு மாதக் குழந்தைக்கு இந்த நாற்காலி தனியாகப் போதாது. பேபி செட் என்று விற்கும் உயரமான முதுகும் முன்பக்க வளையமும் மாட்ட வேண்டும். 6 முதல் 36 மாதம் வரை அதற்குரிய வயது. பெல்ட் கட்டாமல் வளையத்தை மட்டும் நம்ப வேண்டாம். எழுந்து நிற்கக் கற்றுக்கொண்ட குழந்தை வளையத்தைப் பிடித்துக்கொண்டே ஏறிவிடும். பேபி செட் மாட்டும்போது இருக்கைப் பலகை கையேட்டில் காட்டிய காடியில்தான் இருக்க வேண்டும், அதனால் அந்தக் காலத்தில் உயரத்தை விருப்பப்படி மாற்ற முடியாது.

இங்கேதான் உண்மையான குறை ஒன்று இருக்கிறது. ஆறு, ஏழு மாதத்தில் பல குழந்தைகளின் கால் மிகவும் குட்டை. கால் பலகையை எவ்வளவு ஏற்றினாலும் பாதம் எட்டாது. கால்கள் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். எதற்காக இந்த நாற்காலியை வாங்கினோமோ அந்தப் பயன் முதல் சில மாதம் முழுதாகக் கிடைக்காது. சின்னத் துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி முதுகின் கீழ்ப்பகுதிக்குப் பின்னால் வைத்தால் குழந்தை முன்னே வரும், முழங்கால் மடங்கும். பக்கவாட்டில் சாய்ந்தால் இடுப்பின் இருபுறமும் இன்னும் இரண்டு சுருள். அடியில் வழுக்கும் துணி எதையும் விரிக்காதீர்கள். தலை நிற்காத, தாங்கிப் பிடித்தும் நிமிர்ந்து உட்காராத குழந்தைக்கு நாற்காலியும் வேண்டாம், திட உணவும் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் இணை உணவைத் தொடங்கச் சொல்வது ஆறு மாதத்தில். அப்போதும் தலை உறுதி, வாய்க்குக் கை கொண்டுபோவது, கரண்டியை நாக்கால் வெளியே தள்ளாமல் இருப்பது எல்லாம் வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும்.

பிறந்த குழந்தைக்காக 9 கிலோ வரை தாங்கும் நியூபார்ன் செட் ஒன்றும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் குழந்தை நம் முகம் பார்க்கும் உயரத்தில் இருக்கும் என்பது மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் அது சாய்ந்து படுக்கும் இருக்கை. அதில் வைத்துக் கரண்டியால் ஊட்டக் கூடாது. சாய்ந்த நிலையில் உணவு தானாகவே தொண்டையை நோக்கி நழுவும்.

ட்ரே தனியாகக் கிடைக்கிறது. வாங்காமல் விடலாம் என்பது எங்கள் கருத்து. ட்ரே மாட்டினால் நாற்காலி மேசையிலிருந்து விலகி நிற்கும், குழந்தை தனித்தீவாகிவிடும். மேசையோடு ஒட்டிய குழந்தை, அம்மா எதை எடுக்கிறார், அண்ணன் எப்படிக் கடிக்கிறான், தாத்தா தண்ணீரை எப்படிக் குடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே சாப்பிடும். மெல்லுவதை வாயால் விளக்கிச் சொல்லிக்கொடுக்க முடியாது, எதிரே ஒருவர் மென்று காட்ட வேண்டும். குழந்தைக்கு முதலில் ஊட்டி முடித்துவிட்டுப் பெரியவர்கள் பிறகு நிம்மதியாகச் சாப்பிடும் வீடுகளில் இந்தப் பாடம் நடப்பதே இல்லை. எல்லா வேளையும் முடியாவிட்டால் ஒரு வேளையாவது சேர்ந்து உட்காருங்கள். குடும்பத்தின் உணவிலிருந்தே, உப்பு சேர்க்கும் முன் குழந்தையின் பங்கைத் தனியே எடுத்துவிட்டால் இரண்டு சமையலும் தேவையில்லை.

மேசையில் நேராக வைப்பதால் தட்டு பறக்கும், அது நிச்சயம். ஒட்டும் அடிப்பாகம் உள்ள சிலிக்கான் தட்டு வழவழப்பான மேசையில் மட்டுமே பிடிக்கும்; மரநார் வரி தெரியும் மேசையில் காற்று புகுந்து கழன்றுவிடும். தொடக்கத்தில் தட்டே இல்லாமல், துடைத்த மேசையில் இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் வைத்தால் வீசுவதற்கு எதுவும் இருக்காது. ஆறு மாதத்தில் உள்ளங்கையால் மூடிப் பிடிக்கும் பருவம். துண்டு பெரியவர் விரல் நீளத்தில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுங்கும் மென்மையில் இருக்கட்டும். ஒன்பது மாத வாக்கில் விரல் நுனியால் கிள்ளி எடுக்க வந்ததும் சிறு துண்டுகளுக்கு மாறலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். முழுக் கொட்டைகள் பள்ளி வயது வரை வேண்டாம். ஓராண்டு நிறையும் முன் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். இருமிக் கொண்டும் சத்தமிட்டுக்கொண்டும் குமட்டுகிற குழந்தை தானே சரிசெய்துகொள்ளும். சத்தமே வராமல் திணறுவதுதான் ஆபத்து. நிமிர்ந்த இருக்கை இதில் உதவும், கூடவே உட்கார்ந்திருக்கும் பெரியவர் அதைவிட உதவுவார்.

எவ்வளவு நேரம்? இரண்டு வயதுக்குக் கீழே 15 முதல் 20 நிமிடம், அதற்கு மேல் அரை மணி. முகத்தைத் திருப்பினால், வாயை இறுக மூடினால் முடிந்தது. அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த பங்கீடு இந்த நாற்காலிக்கு நன்றாகப் பொருந்துகிறது: எதை, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு; சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. பெல்ட் போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம் என்பதற்காக "இன்னும் ஒரு வாய்" என்று நீட்டினால் அடுத்த வேளை நாற்காலியைப் பார்த்ததுமே குழந்தை அழும். அந்த அழுகையை எந்தப் பலகையை மாற்றியும் தீர்க்க முடியாது.

சுத்தம் செய்வது சுமார்தான். பேபி செட்டின் வளையம் மாட்டும் கொக்கிகளிலும், காடிகளிலும், இருக்கையும் முதுகும் சேரும் இடுக்கிலும் உணவு அப்பிக்கொள்ளும். உடனே துடைத்தால் ஈரத்துணி போதும். காய்ந்துவிட்டால் மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ் வேண்டும். துடைத்த ஈரத்தை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள், நின்ற ஈரம் மேற்பூச்சைக் கெடுக்கும். மெத்தை உறை அழகாக இருக்கிறது. தொடக்க ஆண்டில் வாங்க வேண்டாம், தினமும் துவைக்க வேண்டியிருக்கும்.

பின்பக்கம் கவிழும் அபாயம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கால் மேசை விளிம்பில் எட்டும் குழந்தை அதை உதைத்துத் தள்ளும். அதற்காகத்தான் பின்புறத்தில் நீண்ட பிளாஸ்டிக் நகர்த்திகள்: உதைத்தால் நாற்காலி கவிழாமல் பின்னோக்கி வழுக்கும். தடித்த கம்பளத்தின் மேல் வைத்தால் வழுக்க முடியாது, கவிழ்ந்துவிடும். கடினமான சமதளத் தரையில்தான் வையுங்கள்.

மேசையில் உட்கார்ந்து சாப்பிடாத வீட்டுக்கு இந்த நாற்காலி தேவையே இல்லை. அடிக்கடி வெளியூர் எடுத்துப்போக நினைப்பவர்களுக்கும் சரிப்படாது, இது மடங்காது. கால் பலகை இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதன் கால்களில் பூட்டும் தனிக் கால் பலகைகள் கிடைக்கின்றன. உங்கள் நாற்காலிக் கால்களின் தடிமனுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்கிப் பூட்டினால், ட்ரிப் ட்ராப் தரும் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

பழையது கைமாறி வந்தால் நான்கைப் பாருங்கள். பின்பக்க நகர்த்திகள் இரண்டும் இருக்கின்றனவா. சட்டம் மூலையில் வளையும் இடத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா. திருகை இறுக்கும்போது பிடிக்கிறதா, சும்மா சுற்றுகிறதா. பேபி செட் இந்த நாற்காலியின் காலத்தைச் சேர்ந்ததா. பழைய நாற்காலியில் புதிய செட் சில நேரம் மாட்டிக்கொள்வது போலத் தோன்றும். கொக்கி முழுதாகப் பூட்டாமல், குழந்தை முன்னால் சாயும்போது கழன்று வரும். நாற்காலியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை வைத்து, எந்தச் செட் பொருந்தும் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே குழந்தையை அதில் உட்கார வையுங்கள்.