அம்மாவின் கைப்பேசி: மூன்றாண்டு அனுபவம்

கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் 72 வயதான என் அம்மாவுக்கு ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கிக் கொடுத்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. எழுத்தைப் பெரிதாக்கினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் எதையும் தொடமாட்டார், அழுத்திப் பிடிப்பார். திரையில் இருக்கும் செயலிகளின் படங்கள் இடம் மாறும், சில காணாமலே போகும். "நான் ஒண்ணுமே பண்ணலைப்பா, அதுவா போயிடுச்சு" என்று தவிப்பார். அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ பகுதிக்குள் சென்று, தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டித்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்ரேகையைக் கைப்பேசி சரியாகப் படிக்காததால், எண் பூட்டே வைத்திருக்கிறோம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஓய்வூதியம் வரும் கணக்கை யுபிஐயோடு இணைக்கவே இல்லை. காய்கறி, மருந்துச் செலவுக்கு வேறொரு கணக்கில் மாதம் மூவாயிரம் ரூபாய் போட்டு வைக்கிறோம். பணம் நம் கணக்கிலிருந்து போவதற்குத்தான் ரகசிய எண் வேண்டும், வருவதற்கு வேண்டியதில்லை என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பூஜை அலமாரியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதன் கீழே, இணையப் பண மோசடியைப் புகார் செய்வதற்கான 1930 என்ற எண்ணும் இருக்கிறது.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவரின் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. பெயரின் முடிவில் ‘ஏபிகே’ என்று இருந்ததால் அது பத்திரிகை அல்ல, செயலி. அந்த உறவினரின் வாட்ஸ்அப் கணக்கே வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அம்மா அதை அழுத்திவிட்டார். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலிகளை நிறுவும் அனுமதியை நான் முன்பே நிறுத்தி வைத்திருந்ததால் எச்சரிக்கை மட்டும் வந்தது. அவர் உடனே என்னை அழைத்தார். தொடக்கத்தில் அவர் இப்படி அழைத்துக் கேட்கும்போதெல்லாம் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை விடாமல் இருந்திருந்தால் அன்று அவர் பயந்து மறைத்திருப்பார், எச்சரிக்கையைத் தாண்டியும் அழுத்தியிருக்கக்கூடும்.

‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது என்பதையும், காவல் உடையில் யார் வீடியோ அழைப்பில் வந்து மிரட்டினாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும் என்பதையும் நேரில் போகும்போதெல்லாம் சொல்லி, ஒருமுறை நடித்தும் காட்டினேன்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. செயலிகள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பொத்தான்கள் இடம் மாறிவிடுகின்றன; அம்மா படம் வரைந்து வைத்திருக்கும் நோட்டில் பழையதை அடித்துவிட்டுப் புதிதாக வரைந்துகொள்கிறார்.